ஞாயிற்றுக்கிழமை குளியல்தான் நீலனைப் படுக்க வைத்தது

கேள்வி: எங்கள் வீட்டில் 5 லிட்டர் உருண்டைக் கண்ணாடித் தொட்டியில் ஒரு ஆண் பெட்டா மீன் இருக்கிறது. வாங்கி 2 மாதம் ஆகிறது. மகள் அதற்கு நீலன் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் நீலனை ஒரு டம்ளரில் எடுத்து விட்டுவிட்டு, தொட்டியையும் கூழாங்கற்களையும் பளிச்சென்று தேய்த்துக் கழுவி, புதிதாகக் குழாய்த் தண்ணீர் நிரப்புகிறோம். சோப்பு போடுவதில்லை. முதல் மாதம் நன்றாகத் திரிந்தவன் இப்போது 10 நாளாக அடியிலேயே கிடக்கிறான், மூச்சுக்கு மட்டும் மேலே வருகிறான். வால் ஓரம் கிழிந்து கறுத்த மாதிரி இருக்கிறது. சாப்பிடுகிறான், ஆனால் மெதுவாக. ஒருவர் மஞ்சள் நிற மருந்து ஊற்றச் சொல்கிறார், ஒருவர் உப்பு என்கிறார், இன்னொருவர் துணைக்கு இன்னொரு மீன் விடுங்கள் என்கிறார். சேற்றுக் குட்டையில் வாழும் மீன்தான், சின்னத் தொட்டி போதும் என்றுதான் வாங்கும்போது சொன்னார்கள். இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன் இப்படி? பிழைப்பானா?

பதில்: பிழைப்பான் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். செதில்கள் உடம்போடு படிந்தே இருக்கின்றன, வயிறு உப்பவில்லை, கண் தெளிவாக இருக்கிறது, சேதம் வாலின் ஓரத்தோடு நிற்கிறது. மெதுவாகவாவது சாப்பிடுகிறான் என்றும் சொல்கிறீர்கள். மீன் வைத்தியம் பார்க்கிற எனக்கு இதைவிட மோசமான நிலையில் வந்து தேறிப்போன பெட்டாக்கள் நிறையத் தெரியும். அதனால் முதல் வேலையாக அந்த மஞ்சள் மருந்து பாட்டிலை அலமாரியில் வைத்து மூடுங்கள். இரண்டாவது வேலை, வரும் ஞாயிறு தொட்டியைக் கழுவாதீர்கள். இரண்டாவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

‘இவ்வளவு சுத்தமாக வைத்தும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ‘வைத்தும்’ என்பதை ‘வைத்ததால்’ என்று மாற்றிக்கொண்டால் பாதி விடை வந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லித்தர யாருமில்லாமல் போனது உங்கள் தவறில்லை. மீன் ஒவ்வொரு நிமிடமும் அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் செவுள் வழியாக. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அடியில் கிடக்கிற கழிவும் மிச்ச உணவும் அழுகி அதே அம்மோனியாவைத்தான் தருகின்றன. ஆறு, குளத்தில் இது கரைந்துபோகும். 5 லிட்டரில் எங்கே போகும்? அங்கேயே சேரும், சேர்ந்து செவுளை அரிக்கும், மீன் மந்தமாகும், துடுப்பை விரிக்காமல் ஒடுக்கிக்கொண்டு மூலையில் படுத்துவிடும். நீங்கள் விவரித்திருப்பது அப்படியே இதுதான்.

இதற்கு இயற்கை வைத்திருக்கிற ஏற்பாடு பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் (நைட்ரைட்டும் விஷம்தான்), இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும், வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது அது குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். அவை குடியிருப்பது கூழாங்கல்லின் மேல், கண்ணாடியின் மேல், ஃபில்டர் இருந்தால் அதன் பஞ்சுக்குள். கல்லை விரலால் தடவினால் லேசாக வழவழவென்று இருக்குமே, அந்தப் படலத்தில். அவை குடியேறி வேலையைச் சரியாகச் செய்ய 4 முதல் 6 வாரம் வரை ஆகும். நீங்கள் 7 நாளைக்கு ஒருமுறை அவ்வளவையும் தேய்த்துக் கழுவி, மிச்சம் மீதியைக் குழாய்த் தண்ணீரின் குளோரினுக்குக் கொடுத்துவிட்டீர்கள். 2 மாதமாக உங்கள் தொட்டிக்கு எப்போதும் முதல் வாரம்தான்.

நீலன் பக்கம் நின்று அந்த வாரத்தைப் பாருங்கள். திங்கள் தண்ணீர் சுத்தம். புதன், வியாழன் அம்மோனியா ஏறுகிறது. வெள்ளி, சனி உச்சம். ஞாயிறு காலை ஒரு கை வந்து டம்ளரில் அள்ளுகிறது, அரை மணி நேரம் கழித்து வேறு வெப்பநிலை, வேறு பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), குளோரின் வாசனையோடு முற்றிலும் வேறொரு தண்ணீரில் கொட்டுகிறது. இப்படி 8 வாரம். முதல் மாதம் நன்றாகத் திரிந்தான் என்றால் அவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.

இங்கே பெட்டாவைப் பற்றிய ஒரு பெரிய தவறான எண்ணம் குறுக்கே வருகிறது, இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மீன் மேலே வந்து வாயால் காற்றைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்று ஓர் உறுப்பு, மடிப்பு மடிப்பாக, ரத்த நாளங்கள் நிறைந்தது. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை அதன் வழியாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஏர் பம்ப் இல்லாத சின்னத் தொட்டியில் மற்ற மீன் திணறும் இடத்தில் பெட்டா உயிரோடு இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘இதுக்குத் தண்ணீர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். மேலே வந்து எடுப்பது மூச்சு மட்டும்தான். கழிவு இறங்குவது செவுள் வழியாகத் தண்ணீருக்குள். அந்தச் செவுள் நாள் முழுக்க ஊறிக் கிடப்பதும் அதே தண்ணீரில். காற்றைச் சுவாசிப்பதால் அம்மோனியாவிலிருந்து பெட்டா துளியும் தப்பிப்பதில்லை. மற்ற மீன் சீக்கிரம் செத்து நமக்கு எச்சரிக்கை கொடுக்கும், பெட்டா மெதுவாக வாடும், அதுதான் வித்தியாசம்.

அந்தச் சேற்றுக் குட்டைக் கதையும் பாதி உண்மைதான். பெட்டாவின் பூர்வீகம் தாய்லாந்தும் அதன் அக்கம்பக்கமும். 2019-இல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே அது வாழ்வது நெல் வயல்களிலும் சதுப்பிலும் மெதுவாக ஓடும் வாய்க்கால் ஓரங்களிலும். ஆழம் குறைவு, அது சரி. ஆனால் பரப்பு விரிந்து கிடக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், செடி அடர்ந்திருக்கும், கழிவைச் செரித்துக்கொள்ள மண்ணும் வேரும் இருக்கும். கோடையில் தண்ணீர் வற்றிக் குட்டையில் மாட்டிக்கொண்டால் மழை வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். நாம் அந்தக் கோடையைப் பார்த்துவிட்டு அதுதான் அதன் வீடு என்று முடிவு செய்துவிட்டோம். போதாததற்கு அந்தக் காட்டு மீனுக்கு இத்தனை பெரிய வால் கிடையாது. சின்னத் துடுப்பு, மங்கிய நிறம், அம்பு மாதிரி பாயும். நீலனுக்கு இருக்கிற அந்தத் திரைச்சீலை வால் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து ஏற்றிவிட்ட சுமை. அவன் சீக்கிரம் களைத்துப்போவதற்கும் அடிக்கடி எதன் மேலாவது சாய்ந்துகொள்வதற்கும் அதுவும் ஒரு காரணம்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது.

முழுவதையும் மாற்றாதீர்கள். ஒன்றரை லிட்டர் மட்டும், அடியிலிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். கூழாங்கல் இடுக்கில் குழாய் முனையை வைத்தால் கழிவும் சேர்ந்து வரும், கல்லை வெளியே எடுக்கவே வேண்டாம். நீலன் உள்ளேயே இருக்கட்டும், டம்ளருக்கு ஓய்வு கொடுங்கள். அதே அளவு புதுத் தண்ணீரை மெதுவாக, ஒரு ஸ்பூனின் முதுகில் படும்படி ஊற்றுங்கள். நாளையும் இதே. தினமும் ஒன்றரை லிட்டர், 10 நாளைக்கு. 5 லிட்டர் தொட்டியில் பாக்டீரியா இல்லாத நிலையில் இந்தத் தினசரி சின்ன மாற்றம்தான் அம்மோனியாவைக் கட்டுக்குள் வைக்கும். ஞாயிறு வைபவம் மாதிரி மீனைத் தூக்கி அடிக்கவும் செய்யாது.

ஊற்றுகிற தண்ணீரில் இரண்டு விஷயம். ஒன்று குளோரின். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் திரவத்தைப் புட்டியில் போட்டிருக்கிற அளவுக்குச் சேருங்கள், சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வெறும் குளோரின் என்றால் பெரும்பாலும் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள், அது அப்படிப் பறந்துபோகாது. எது கலக்கிறார்கள் என்று துப்பறிவதைவிட நாலு சொட்டு விடுவது சுலபம். இரண்டு, வெப்பநிலை. கையை விட்டுப் பார்த்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று முடிவு செய்யாதீர்கள், நம் கை 3 டிகிரி வித்தியாசத்தைக்கூட விட்டுவிடும். ஒரு வெப்பமானி வாங்கி ஒட்டுங்கள், பழையதும் புதியதும் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். பெட்டாவுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது குளிர் ரத்தப் பிராணி, தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம், எதிர்ப்புச் சக்தி எல்லாமே இறங்கும். 5 லிட்டர் தண்ணீர் பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து ஊஞ்சலாடும், ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் படாத இடத்துக்குத் தொட்டியை இன்றைக்கே நகர்த்துங்கள்.

வாலைப் பற்றி இப்போது. ஒரு சின்ன டார்ச் எடுத்து, திடீரென்று முகத்தில் அடிக்காமல், பக்கவாட்டிலிருந்து வாலின் ஓரத்தில் படும்படி பிடியுங்கள். உருண்டைக் கண்ணாடி எல்லாவற்றையும் கோணலாகக் காட்டும், அதனால் மேலேயிருந்தும் ஒருமுறை பாருங்கள். நேராக ஒரு கோடு போல், துணி கிழிந்த மாதிரி பிளந்திருந்தால் எதிலோ மாட்டிக் கிழிந்திருக்கிறது. பிளாஸ்டிக் செடி இருந்தால் ஒரு மெல்லிய நைலான் துணியை அதன் மேல் இழுத்துப் பாருங்கள், துணி சிக்கினால் வாலும் சிக்கும், எடுத்து எறியுங்கள். நேற்று முழுசாக இருந்து இன்று காலை அரைவட்டமாக ஒரு துண்டு காணோம் என்றால் அவனே கடித்திருக்கிறான், சில பெட்டாக்கள் சலிப்பிலோ தொந்தரவிலோ சொந்த வாலைக் கடிக்கும். ஓரம் பொடிப்பொடியாக, நாளுக்கு நாள் உள்நோக்கி அரித்துக்கொண்டு, கறுப்பாகவோ சிவப்பாகவோ வெளுத்த நூல் போலவோ கரை கட்டியிருந்தால் அது துடுப்பு அழுகல். உங்கள் படத்தில் இருப்பது இந்த மூன்றாவது வகை, ஆனால் ஆரம்ப நிலை. இதை உண்டாக்கும் பாக்டீரியா எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருக்கிறது, மீன் நலமாக இருக்கும்வரை அதன் பாச்சா பலிக்காது. அதனால்தான் மருந்தைவிடத் தண்ணீரை முதலில் சொல்கிறேன். அம்மோனியா நிறைந்த தொட்டியில் எவ்வளவு நல்ல மருந்து ஊற்றினாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான், கூடவே புதிதாகக் குடியேறப் பார்க்கும் நல்ல பாக்டீரியாவையும் சில மருந்துகள் கொன்றுவிடும்.

உப்பு சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை, அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வேறு எதுவும் கலக்காத வெறும் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது உங்கள் தொட்டிக்குத் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. வேறு பாத்திரத்தில் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஒரே தடவையில் இல்லாமல் ஒரு நாளில் இரண்டு மூன்று பங்காக ஊற்றுங்கள். தினமும் ஒன்றரை லிட்டர் எடுக்கிறீர்கள் இல்லையா, ஊற்றும் புதுத் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி கரைத்தால் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மட்டும் உப்பு வேண்டாம், ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும். 7 நாள், அதிகம் போனால் 10 நாள், அதோடு நிறுத்திவிடுங்கள். பெட்டா நன்னீர் மீன், ஆயுள் முழுக்க உப்பில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

காய்ந்து பழுப்பேறி உதிர்ந்த நாட்டு வாதுமை இலை கிடைத்தால் கழுவிவிட்டு உள்ளங்கையில் பாதி அளவு ஒரு துண்டு போடலாம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம், பெட்டாவுக்கு அந்த மங்கிய வெளிச்சம் பிடிக்கும், பிஎச் கொஞ்சம் இறங்கும். அது ஒரு சௌகரியம், வைத்தியம் இல்லை. அதை அதிசய மருந்தாக விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

4, 5 நாளில் துடுப்பை விரிக்க ஆரம்பித்துவிடுவான், இரண்டாவது வாரத்தில் அதே டார்ச்சால் பாருங்கள். வாலின் கறுத்த ஓரத்துக்கு வெளியே நிறமே இல்லாமல், கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். அது புதுத் துடுப்பு. பலர் அதைப் பார்த்துவிட்டு ‘வெள்ளையா இன்னொரு நோய் வந்திருக்கு’ என்று மறுபடி மருந்தைத் தேடுகிறார்கள். வேண்டாம். நிறம் பிறகு ஏறும், முன்பிருந்த அதே நீலமாக ஏறாமலும் போகலாம், அதற்கு மகளைத் தயார்படுத்தி வையுங்கள்.

எவ்வளவு உணவு கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் நிறையக் கொடுப்பவர்கள்! பெட்டாவின் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்று சொல்வதுண்டு, துல்லியம் இல்லை என்றாலும் கை அடங்குவதற்கு நல்ல கணக்கு. பெட்டாவுக்கென்று வருகிற சின்னக் குருணையில் காலை 3, மாலை 3, போதும். இது பூச்சி தின்னும் மீன், பொட்டலத்தில் முதல் பொருளாக மீனோ இறாலோ பூச்சியோ இருக்க வேண்டும், மாவு இருந்தால் வைத்துவிட்டு வேறு எடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் குருணைக்குப் பதில் உறைய வைத்த ரத்தப் புழுவோ டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளோ, பனி கரைந்த பிறகு கொஞ்சம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. ஆமாம், பட்டினிதான், அன்றைக்கும் அவன் உங்களைப் பார்த்து மேலே வந்து வாயைத் திறந்து நடிப்பான், மகள் மனம் உருகுவாள், நீங்கள் உருகக்கூடாது. தின்னாமல் மூழ்கியதைப் பத்து நிமிடத்தில் ஒரு ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், விட்டால் அதுவும் அம்மோனியாதான்.

இதெல்லாம் முதலுதவி. 5 லிட்டரில் பெட்டாவை வைக்க முடியுமா என்று கேட்டால் முடியும், தினமும் ஒன்றரை லிட்டர் மாற்றிக்கொண்டே இருக்கிற பொறுமை உள்ளவருக்கு. அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சின்னத் தொட்டிதான் கஷ்டமான தொட்டி, எல்லோரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குருணை கூடிப் போனாலும் ஒரு நாள் மறந்தாலும் 5 லிட்டர் மன்னிக்காது, 20 லிட்டர் மன்னிக்கும். இடம் இல்லையென்றால் 10 லிட்டருக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். உயரமான தொட்டி வேண்டாம், நீளமும் அகலமும் உள்ளதாகப் பாருங்கள், அந்தக் கனத்த வாலோடு மூச்சுக்கு ஒவ்வொரு தடவையும் மாடி ஏற விடாதீர்கள்.

உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்பில் ஓடுவது. குமிழி மெதுவாக வரட்டும், வேகமான நீரோட்டத்தில் பெட்டா காற்றில் மாட்டிய புடவை மாதிரி அலைக்கழியும். அந்தப் பஞ்சுதான் உங்கள் பாக்டீரியா குடியிருப்பு. மாதத்துக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்துவிட்டு அப்படியே திரும்ப வையுங்கள், குழாயடியில் காட்டவே கூடாது. தண்ணீர் இரவும் பகலும் 25 டிகிரிக்குக் குறையாத இடமென்றால் ஹீட்டர் வேண்டாம், குறையுமென்றால் 20 லிட்டருக்கு 25 வாட், தானாக அணைந்து எரிவதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் எடுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வெளியே தெரிகிற ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தால் கண்ணாடி வெடிக்கும். செடிக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் சோம்பேறிகளுக்கானவை, கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட்டால் போதும். நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அகலமான இலை ஒன்று வருகிற மாதிரி வைத்தால் நீலன் அதில் கட்டில் போட்டுக்கொள்வான். விளக்கு 8 மணி நேரம் போதும், இரவில் அவனுக்கும் இருட்டு வேண்டும். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி படலம் கண்டால் டிஷ்யூ தாளைப் படர விட்டு எடுத்துவிடுங்கள், அவன் மூச்சு வாங்கும் இடம் அது.

மூடி போடுங்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன். என் வீட்டுப் பெட்டா ஒன்று, ஏர் குழாய்க்காக நான் விட்டிருந்த மூன்று விரல் இடைவெளி வழியாகத் துள்ளி வெளியே போய், மேஜைக்குப் பின்னால் தூசியில் புரண்டு, நான் தேடிக் கண்டுபிடித்தபோது பழைய பஞ்சுத் துண்டு மாதிரி கிடந்தது. தொட்டதும் வாய் அசைந்தது. காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் தப்பியது, மீன் வைத்தியர் வீடு என்பதால் அல்ல. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் 3, 4 சென்டிமீட்டர் காற்று இருக்கட்டும், மூடி அந்தக் காற்றையும் வெதுவெதுப்பாக வைக்கும்.

புதுத் தொட்டியிலும் அந்த 4, 6 வாரக் கணக்கு உண்டு, மறக்காதீர்கள். யாரிடமாவது நோயில்லாத, வெகுநாளாக ஓடும் தொட்டி இருந்தால் அவர்கள் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டு வந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள், காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். கிடைக்கவில்லையென்றால் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று நிறம் காட்டினால் அன்றைக்கே கால் பங்கு தண்ணீர் மாற்றம். இரண்டும் தொடர்ந்து பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்றால் தொட்டி ஓடத் தொடங்கிவிட்டது, அதன் பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். நைட்ரேட்டை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், பிஎச் 7 இருக்கும்போது வருகிற அம்மோனியா அளவும் பிஎச் 8 இருக்கும்போது வருகிற அதே அளவும் ஒன்றல்ல, பின்னதில் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்கு. உங்கள் தண்ணீர் கடினத் தண்ணீராக இருந்தால் பிஎச் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும், இன்னும் உஷாராக இருங்கள். அதற்காக பிஎச்சைக் குறைக்கிற திரவங்களை வாங்கி ஊற்றாதீர்கள், ஏறி இறங்கும் பிஎச்சைவிட நிலையாக நிற்கும் 7.8 எவ்வளவோ மேல்.

துணை வேண்டாம். இன்னொரு ஆண் விட்டால் ஒன்று சாகும், அல்லது இரண்டும் புண்ணாகும். பெண்ணை விட்டாலும் இந்த இடத்தில் அவளுக்கு ஓடி ஒளிய வழியில்லை. ‘தனியா இருக்கானே’ என்பது நம் ஏக்கம், பெட்டாவுக்குத் தன் எல்லையில் வேறு யாரும் இல்லாததுதான் நிம்மதி. கண்ணாடி காட்டி அவனைச் சிலிர்க்க வைக்கிற விளையாட்டு, உடம்பு தேறிய பிறகு, ஒரு நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மேலே நுரை கட்டினால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது வயது வந்த ஆண் முட்டைக்காகக் கட்டும் கூடு, மோசமான தண்ணீரிலும் கட்டும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

இந்த 10 நாளில் நீங்கள் கவனிக்க வேண்டியது சில. மேலேயிருந்து பார்க்கும்போது செதில்கள் பைன் மரக் காய் மாதிரி விரிந்து நின்றாலோ, அரிப்பு வாலைத் தாண்டி உடம்புச் சதையைத் தொட்டாலோ, டார்ச் வெளிச்சத்தில் உடம்பெல்லாம் தங்கப் பொடி தூவிய மாதிரி மின்னினாலோ, உப்புக்கல் ஒட்டிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தாலோ, இரண்டு நாளைக்கு மேல் எதுவும் தின்னாவிட்டாலோ அது வேறு கதை, அப்போது மீன் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டி, என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, அதற்கான மருந்தைத் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். அது வரை பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு நாள் இருப்பான் என்று மகள் கேட்பாள். பெட்டாவின் ஆயுள் பொதுவாக 2 முதல் 4 வருஷம், கடையில் இத்தனை வால் வளர்ந்து விற்பனைக்கு வரும்போதே அதில் பல மாதம் போயிருக்கும். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். கல்லைத் தேய்க்கும் வேலை போனதில் அவளுக்கு வருத்தமிருந்தால் வெப்பமானியைப் படித்து ஒரு நோட்டில் தினமும் எழுதுகிற வேலையைக் கொடுங்கள், குருணை எண்ணுவதையும்.

அந்த உருண்டைத் தொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். நீலன் புது இடத்துக்குப் போனதும் அதைப் பக்கத்திலேயே வைத்து, அடுத்த நாள் மாற்ற வேண்டிய தண்ணீரை முதல் நாள் இரவே அதில் பிடித்து, குளோரின் சொட்டு விட்டு வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே அறையில் இருப்பதால் காலையில் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஹீட்டர் போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் வெந்நீர் கலந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.